இலை ஒற்றிய தட்டு

...அழுத்தாதே, தட்டிலிருக்கிற கூழ்மேல் சும்மா வைத்து எடு என்றான் தம்பி, இலையை இடுக்கியில் பிடித்திருந்த நான் மூச்சைக்கூட விடவில்லை, காற்றை வடிகட்டும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை மாட்டிய என் கை யாருடையதோ போலத் தெரிந்தது, மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்தவளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டானே, மெய்ப்புப் பார்க்கிறவளுக்கு ஆய்வுக்கூடத்தில் என்ன வேலை... "இலையோட மேல்தோல் சுத்தமாயிடுச்சான்னு பாக்கத்தான் இந்தத் தட்டு. இதுல ஒண்ணும் வளரக் கூடாது. அப்பதான் அந்தத் தட்டுல இலைத்துண்டுலேர்ந்து வர்ற பூசணம் உள்ளயே குடியிருந்ததுன்னு நம்புவாங்க." வளந்துட்டா? "அச்சாபீஸ் அழுக்குன்னு எழுதி உன் பேரைப் போட்டுடுவேன்." சிரித்துவிட்டேன். முகமூடி மூக்குக்குக் கீழே நழுவியது. அவன் தட்டை மூடி, அடியில் பேனாவால் அக்கா என்று எழுதி, டீ வாங்கிட்டு வரேன், எதையும் தொட்டு வைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனான்.

டீ வாங்கப் போனவன் படிக்கட்டில் கிடந்தான். மூக்குக்கண்ணாடி கீறல்கூட இல்லாமல் பக்கத்தில் கிடந்தது, அது எப்படி உடையாமல்... மருத்துவர் சொன்னார், "மூளையில ஒரு ரத்தக்குழாய் வீங்கி வெடிச்சிருக்கும்மா. உள்ளேயே இருந்திருக்கு. வெளியே எதுவும் காட்டியிருக்காது." காலையில் குளியலறைக் கதவைத் தட்டித் தட்டிச் சண்டை போட்டவன், சட்டைக்கு இஸ்திரி போட்டவன். இன்றைக்குச் சாகப் போகிறவன் காலருக்கு இரண்டு தடவை இஸ்திரி போடுவானா? வீட்டுல பூசணம் பிடிச்சா தூக்கிப் போடுறோம், இவன் அதுக்குச் சம்பளம் வாங்குறான் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவன் பொருள்களை எடுத்துப்போக இன்று ஆய்வுக்கூடத்துக்கு வந்தேன். பக்கத்து மேசைப் பெண் ஒரு தட்டை என் முன்னால் வைத்தாள். நடுவில் வெள்ளைப் பஞ்சாய்ப் பூசணம், சுற்றிலும் ஒரு தெளிந்த வளையம், வளையத்துக்கு வெளியேதான் கிருமி. "மாத்திரைக்கே அடங்காத கிருமிக்கா. இலைத்துண்டுலேர்ந்து வந்த இந்தப் பூசணத்துகிட்ட வரவே இல்ல பாருங்க." தட்டை இன்னும் என் பக்கம் நகர்த்தினாள். "ஆனா நீங்க ஒற்றின தட்டு சுத்தமா இருக்கணும். இல்லேன்னா எங்கேர்ந்தோ விழுந்த பூசணம்பாங்க. திரும்பச் செஞ்சு காட்டலாம்னா அந்த இலை பறிச்ச செடியை வண்டி நிறுத்த வெட்டிட்டாங்க. நீங்க வர்ற வரைக்கும் உங்க தட்டை வெளிய எடுக்க மனசு வரலக்கா."

தட்டுகளை வளரவிடும் இளஞ்சூடான அலமாரியை அவள் திறந்தாள். முகமூடி நழுவியதை இவளிடம் சொல்லவா? அவன் என்னைச் சிரிக்கவைக்காமல் இருந்திருக்கலாம், இல்லை, கடைசியாக அந்தச் சிரிப்பாவது... என் மூச்சிலிருந்து ஒன்று, ஒன்றே ஒன்று விழுந்திருந்தாலும் அவனுடையது எல்லாம் போச்சு.

தட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்றும் இல்லை. ஒரு புள்ளி இல்லை, நான் சிரித்தது அதில் எங்கேயும் இல்லை.

"உள்ளேதான்கா இருந்திருக்கு," என்றாள் அவள், அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும். அதே வார்த்தை... எவ்வளவு நாளா என்று கேட்டேன். "தெரியாதுக்கா. இலை பாக்க நல்லாத்தானே இருந்துச்சு."

தட்டைச் சாய்த்தேன். கூழின் மேல் அன்று ஒற்றிய இலையின் நரம்புத் தடம், நடுவில் ஒரு கோடு, இருபுறமும் கிளைகள், நான் வைத்து எடுத்த இடத்திலேயே இருந்தது.