கடைசிச் சுரத்திலிருந்து

ஹெஸ்டர் ப்ரூயிட் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் சமையலறையில் ருபார்ப் கீரையின் புளிப்புத் தண்டுகளை நறுக்கிக்கொண்டிருந்தேன். கறுப்புத் தொப்பியைக் கழற்றாமல் நேராகப் பியானோ அறைக்குள் போனாள். என் கணவர் லைமன் அங்கே ஊர் பாண்டு வாத்தியக் குழுவுக்கான இசைத்தாள்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். போரில் இறந்தவர்களின் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. போர் முடிந்து வருகிற முதல் மே மாதம்.

'எழுந்த கொடி' என்ற அணிவகுப்பு இசையை லைமன்தான் எழுதினார். சிகாகோவில் ஒருவர் அதை அச்சிட்டு நாடு முழுக்க விற்றார். அட்டையில் பெரிய கழுகு, அதைவிடப் பெரிய கொடி. லைமன் ஸ்ட்ராட்டர் என்ற பெயரைப் படிக்க மட்டும் கண்ணாடி வேண்டும். அதை வாசித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், எழுதியவர் அயோவாவில் ஒரு தானியக் கடையில் மூட்டை எடை போடுகிறவர் என்று? எங்கள் ஊருக்குத் தெரியும். அது அவருக்கு நல்லதாக அமையவில்லை.

போருக்குப் பையன்கள் புறப்பட்ட அன்று ரயில் நிலையத்தில் பாண்டு அதைத்தான் வாசித்தது. ஹெஸ்டரின் மகன் வெண்டல் போருக்குப் பெயர் கொடுத்தவனே அல்ல. பால் கேன்களை இறக்க வந்தவன். இசை பாதியைத் தாண்டியபோது கேனைக் கீழே வைத்துவிட்டு நடந்தான். அவன் முகத்தில் வீரம் எதையும் நான் பார்க்கவில்லை; தூக்கத்தில் நடக்கிறவனின் முகம் அது. இடுப்பில் கட்டிய ஏப்ரனோடு ரயிலில் ஏறினான். வேடிக்கை பார்க்க வந்த இன்னும் சிலரும் அப்படியே ஏறினார்கள். அவர்களில் என் தம்பி எம்மெட்டும் ஒருவன். யாரும் திரும்பவில்லை. அதன்பின் தெருவில் லைமனைக் கண்டால் பெண்கள் எதிர்ப்பக்கம் மாறிப் போனார்கள். நாங்கள் இருவரும் எம்மெட்டின் பெயரை வீட்டில் சொல்வதில்லை.

"உங்க பாட்டுதான் அவன ரயில்ல ஏத்துச்சு, மிஸ்டர் ஸ்ட்ராட்டர்" என்றாள் ஹெஸ்டர். "நான் சண்டைக்கு வரல. அதையே கடைசியிலேருந்து முதலுக்கு வாசிங்க. போன வழியாவே அவன் வரட்டும்."

லைமன் ஏதாவது ஆறுதல் சொல்லி அனுப்புவார் என்று நினைத்தேன். வாசிக்கிறேன் என்றார்.

அவள் போனதும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவள் பிதற்றுகிறாள், அதற்கு நீங்களும் தாளம் போடுவீர்களா என்று கேட்டேன். அவர் பியானோ மூடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"அவ சொன்னதுல முதல் பாதி உண்மை, கோரா. உனக்கும் தெரியும். மறு பாதிய மட்டும் எப்படி பொய்னு சொல்றது?"

அன்றே எழுத உட்கார்ந்தார். கடைசிச் சுரத்திலிருந்து பின்னோக்கி அவர் வாசித்தபோது அது இசையாகவே இல்லை. பெரிய மார்பு ஒன்று மூச்சை உள்ளே இழுப்பதுபோல் இருந்தது. துவைத்த துணிக் கூடையோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த நான், கீழ்ப்படியில் நின்றுகொண்டிருப்பதைக் கவனித்தேன். திரும்பாமல் பின்னோக்கியே இறங்கியிருந்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் பூ வைத்து முடித்ததும் பாண்டு ரயில் நிலையத்துக்குப் போனது. டிராம்போன் வாசிக்கும் ஓட்டோ மட்டும் முணுமுணுத்தார். "பாட்ட தலைகீழா குடுத்திருக்க, லைமன். நானும் தலைகீழாதான் நின்னு வாசிக்கணுமா?" ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த நேரத்துக்கு ரயில் கிடையாது. நல்ல வெயில். வாசிக்க ஆரம்பித்ததும் முதலில் வெறும் இரைச்சல்; பிறகு அதற்கு ஒரு நடை வந்தது. கூட்டம் மெல்லப் பின்னால் நகர்ந்தது. யாரும் யாரையும் தள்ளவில்லை. அவரவர் பாதம் தானாகப் பின்னால் போனது. தண்டவாளத்துக்கும் எங்களுக்கும் நடுவே, ஆட்கள் இறங்க இடம் விட்டதுபோல வெற்றிடம் உண்டானது. நிலக்கரிப் புகை மணத்தது. தண்டவாளத்தில் ஒன்றும் இல்லை.

இசை நின்றது. ஹெஸ்டர் மட்டும் அசையாமல் நின்ற இடத்திலேயே இருந்தாள். கையை உயர்த்தி, உயரமான ஒருவனின் சட்டைக் காலரைத் தட்டிவிடுவதுபோல் காற்றில் தட்டினாள். பிறகு வீட்டைப் பார்த்து நடந்தாள், பாதையின் ஓரமாக, பக்கத்தில் இடம் விட்டு. நீளமான கால்களுக்கு ஈடுகொடுக்கிறவளைப்போல அவள் எட்டி எட்டி நடந்தாள். நிலைய அதிகாரி தொப்பியைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

லைமன் அன்று சாப்பிடவில்லை. இனி அந்தத் தாள்களைத் தொடமாட்டேன் என்றார்.

திங்கட்கிழமை நான் ஹெஸ்டர் வீட்டுப் பக்கம் போனேன். வெண்டலின் துணிகளையெல்லாம் அவள் குளிர்காலத்திலேயே தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டாள். மூட்டை கட்டியவள் நான்தான். துணிக்கொடியில் ஓர் ஆணின் சட்டை நீர் சொட்டிக்கொண்டிருந்தது. முழங்கை இரண்டும் மடங்கி மடங்கிப் பழகிய சுருக்கம். காலரின் உள்பக்கம் சேற்று நிறக் கறை, துவைத்தும் போகாதது. சமையலறைக்குள் அவள் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கேள்வி எனக்குக் கேட்கவில்லை. வேலியைத் தொட்ட கையை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

எங்கள் வீட்டு வாசல் பெஞ்சிலும் படிகளிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தொப்பியும் கையுறையும் அணிந்து, தேவாலயத்துக்கு வந்ததுபோல் வந்திருந்தார்கள். தெருவில் எதிர்ப்பக்கம் மாறிப் போனவர்கள்தான், ரயிலேறிய பையன்களின் அம்மாக்களும் அக்காக்களும். லைமனுக்காகக் காத்திருந்தார்கள். வலைக்கதவின் உள்ளே லைமன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார், நான் அவர்களை அனுப்பிவிடுவேன் என்ற நம்பிக்கையோடு.

பெஞ்சின் ஓரத்திலிருந்தவள் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு சற்று நகர்ந்தாள்.

நான் உட்கார்ந்தேன்.