ஆம் என்போர்

...அதுவும் அத்தனை சத்தமாகவா சொன்னோம், பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தாரோ, இல்லை, பார்த்திருந்தால் அந்த மனுஷர் சும்மா இருந்திருக்க மாட்டார், அவர் பாட்டுக்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்துக்கொண்டேதான் அவரும் ‘ஆம்’ சொன்னார், பேரவையில் எல்லாரும் அப்படித்தான் சொல்வது, கொட்டாவிக்கு நடுவில், செல்போனுக்கு நடுவில், தலைவர் கேட்டால் வாய் தானாகத் திறக்கும்... ஆனால் அவர்கள் சொன்னது அடுத்தவர் வீட்டுச் சோலிக்கு. தான் எழுதி, தான் அறிமுகம் செய்து, தான் நாலு வருஷம் சுமந்த சட்டமுன்வடிவைத் தூக்கிக் குழுவில் போட்டுவிடலாமா என்று கேட்டதற்குத் தானே ‘ஆம்’ என்று கத்தினவள் இந்த நாட்டிலேயே ஒருத்திதான் இருப்பாள், அடச்சே, இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது என்று தேவசேனா நெற்றியைத் தேய்த்துக்கொண்டபோது வண்டி கொடைக்கானல் ரோட்டில் பெருமாள்மலை முக்கில் நின்றே விட்டது. முன்னால் ஒரு டூரிஸ்ட் பஸ், அதற்கு முன்னால் இன்னொன்று, அப்புறம் கண்ணுக்கெட்டிய மட்டும் கார்கள். மூன்று நாள் விடுமுறை, கேட்க வேண்டுமா. “செண்பகனூரு போய்ச் சேர ஒரு மணி நேரமாச்சும் ஆகும்மா, ரோடே அடச்சுக் கெடக்கு” என்றார் திருமலைச்சாமி. அவள் எம்.எல்.ஏ. ஆவதற்கு முன்பிருந்தே அவளுக்கு வண்டி ஓட்டுகிறவர். “ஆகட்டும், மெதுவாவே போங்க” என்றாள். வெரசாகப் போகச் சொல்லி அவரை விரட்டுகிறவள் இன்று ஏன் இப்படிச் சொல்கிறாள் என்று அவர் கண்ணாடியில் பார்த்தார். பார்த்துவிட்டு ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

மெதுவாகப் போனால் நல்லது. போகாமலே இருந்தால் இன்னும் நல்லது. செண்பகனூர் ஸ்டாப்பில் தோகைப்பாறைக்காரர்கள் காத்திருக்கிறார்கள், அறுபது பேராம், வெள்ளகவிக்கும் கீழே இருந்து ஒற்றையடிப் பாதையில் விடிவதற்கு முன்பே கிளம்பி ஏறி வந்தார்களாம், மாலையாம், வேட்டாம்... காலையில் அந்த ஊர் இருளப்பன் போனில் சொன்னபோது அவருக்கு மூச்சிரைப்பு கூட அடங்கவில்லை, “நம்ம பாதைக்குச் சட்டம் வந்துருச்சுல்ல மேடம், சும்மா விடுவமா?” என்றார். சட்டம் வந்துவிட்டது! அது எங்கே வந்தது, வாசற்படியில் நிற்கிறது, உள்ளே வராதே, இங்கேயே நில், ஏழு பேர் வந்து உன்னைப் பார்ப்பார்கள் என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா, மாலை வேட்டெல்லாம் வேண்டாங்க, இன்னும் ஒன்றும் நிறைவேறவில்லை என்று. ஒரு நிமிஷப் பேச்சு. சொல்லவில்லை. சிக்னல் சரியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அப்படியொன்றும் பெரிய சட்டமும் இல்லை அது. மூன்று பக்கம், ஆறு பிரிவு. மலை ஊர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் நடந்த பாதைகளில், மரம் ஒன்றை வெட்டாமல், ஒரு முழம் அகலப்படுத்தாமல், வழுக்குகிற இடத்தில் கல் பாவவும் ஓடைக்குக் குறுக்கே நடைபாலம் போடவும் ஊராட்சிக்கே உரிமை, வருஷக்கணக்கில் ஒவ்வொரு ஆபீஸாக அனுமதி கேட்டு அலைய வேண்டாம்... அவ்வளவுதான். ரோடு கேட்கவில்லை. தோகைப்பாறை வீரம்மாள் கேட்கவே இல்லை. தேவசேனா ஜெயித்த முதல் வருஷம் ஐப்பசியில் வீரம்மாளின் மகள் மேனகாவைப் பிரசவ வலியோடு கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு ஏறினார்கள், பாதி வழியில் ஓடை பெருகிக் கிடந்தது, தாண்ட முடியாமல் மூன்று மணி நேரம் பாறை மேல் வைத்துக்கொண்டு நின்றார்கள், பிள்ளை பிழைத்தது, அவள் அங்கேயே போய்விட்டாள். நாலாம் நாள் துக்கம் கேட்க இவள் இறங்கிப் போனாள், கால் கொப்பளித்து, இரண்டு இடத்தில் விழுந்து. அந்த வீட்டில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் திரும்பி வந்து மறந்திருப்பாளோ என்னவோ. வீரம்மாள் அவளுக்குக் கட்டங்காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, கையிரண்டையும் விரித்து அளவு காட்டி, “ரோடு வேண்டாந் தாயி. அந்த ஓடையத் தாண்ட இம்புட்டுப் பாலம் இருந்தாப் போதும்” என்றாள். அந்த விரித்த கை... சென்னையில் விடுதி அறையில் உட்கார்ந்து பிரிவு மூன்றை எழுதும்போதெல்லாம் அந்தக் கைதான் முன்னால் நின்றது.

முந்தாநாள் எழுந்து நின்று, சட்டமுன்வடிவை அறிமுகம் செய்ய அனுமதி கோருகிறேன் என்றாள். ஆளுங்கட்சி உறுப்பினரே தனிப்பட்ட முறையில் ஒரு சட்டம் கொண்டுவருவது என்பது வழக்கத்திலேயே இல்லாதது, எதிர்வரிசையில் கூட மேஜையைத் தட்டினார்கள். அனுமதி கிடைத்தது, அறிமுகம் ஆனது, மேனகா என்று மனசுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டாள்... அப்புறம் அமைச்சர் எழுந்தார். நல்ல மனுஷர், சிரித்த முகம். உறுப்பினரின் நோக்கம் உயர்ந்த நோக்கம், அரசுக்கும் அதே நோக்கம்தான், இருந்தாலும் காடு சம்பந்தப்பட்டது, எல்லாத் தரப்பையும் கேட்க வேண்டும், ஆகவே ஏழு பேர் கொண்ட தெரிவுக்குழுவுக்கு அனுப்பலாம், உறுப்பினர் அவர்களும் அதில் ஒருவராக இருப்பார், குழு அடுத்த கூட்டத்தொடரில் அறிக்கை தரும் என்றார். எழுந்து மறுத்திருக்கலாம். எனக்குக் குழு வேண்டாம், இன்றைக்கே எடுங்கள் என்று ஒரு வார்த்தை... தோற்றிருக்கும், சந்தேகமே இல்லை, ஆனாலும் அவைக்குறிப்பில் அது இருந்திருக்கும். தலைவர் வழக்கமான குரலில், ஏற்போர் ஆம் என்க, என்றார். ஆம். எத்தனை தொண்டை, அதில் இவள் தொண்டையும். மறுப்போர் இல்லை என்க. அந்த மௌனம் இருக்கிறதே, அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அந்த மௌனத்தில் தானும் உட்கார்ந்திருக்கிறோம் என்று.

பழக்கம். பழக்கமேதான், வேறென்ன. நாலு வருஷத்தில் எத்தனை நூறு தடவை தலைவர் அப்படிக் கேட்டிருப்பார், எத்தனை நூறு தடவை சுற்றியிருக்கிறவர்கள் சொல்லச் சொல்லத் தானும் கூடவே சொல்லியிருப்பாள். கோயிலில் நாலு பேர் அரோகரா என்றால் நம் வாயும் அரோகரா என்றுதானே சொல்கிறது, யோசித்தா சொல்கிறோம்... பழனி அடிவாரத்தில் பிறந்தவளுக்கு இதைக்கூட யாராவது சொல்லித்தர வேண்டுமா. ஊரோடு சேர்ந்து வந்த சத்தம். அதில் அவள் குற்றம் என்ன. இந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததும் மனசு கொஞ்சம் லேசாகும், நேற்று ரயிலிலும் இந்த இடத்துக்கு வந்த பிறகுதான் தூக்கம் வந்தது.

வண்டி நகர்ந்தது, நின்றது. வெள்ளி அருவிக்கு முன்னால் ஜனம் ரோட்டிலேயே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது, மக்காச்சோளம் சுடுகிற புகை கண்ணாடி வழியே உள்ளே வந்தது. “இவிங்களுக்கெல்லாம் வேற சோலியே இல்லயாம்மா” என்று திருமலைச்சாமி ஹாரனை அழுத்தினார். அப்புறம் ஒரு சந்தேகம் கேட்கிற தோரணையில், “குழுவுன்னா என்னம்மா பண்ணுவாங்க?” என்றார். பார், இவருக்குத் தெரிந்திருக்கிறது! பேப்பர் படிக்கிற மனுஷர். “கூடிப் பேசுவாங்க” என்றாள். “பேசி?” “அறிக்கை குடுப்பாங்க.” “குடுத்து?” இரண்டு குழுக்களில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். பிஸ்கட் நன்றாக இருக்கும். முதல் கூட்டத்தில் அறிமுகம், இரண்டாவதில் துறையின் கருத்துக் கேட்பு, துறை அவகாசம் கேட்கும், மூன்றாவதற்குப் பாதிப் பேர் வரமாட்டார்கள், அப்புறம் ஆய்வுப் பயணம், கொடைக்கானலில் இரண்டு நாள், தோகைப்பாறைக்கு நடந்து இறங்க முடியாது என்று மேலே இருந்தே பைனாகுலரில் பார்ப்பார்கள், பிறகு கால நீட்டிப்பு. பேரவைக்கு இன்னும் ஒன்பது மாதம்தான் ஆயுசு. அது கலைந்தால் குழுவும் போச்சு, மூன்று பக்கமும் போச்சு, அடுத்து வருகிறவர் மறுபடியும் முதலிலிருந்து எழுத வேண்டும், எழுதினால்.

இதெல்லாம் முந்தாநாள் அவளுக்குத் தெரியாதா? தெரியும். அதற்கும் முந்தின நாள், லாபியில், கொறடா அவளைத் தனியே கூப்பிட்டு நிறுத்தினாரே, தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டே, “ஒண்ணும் இல்லம்மா, அந்த நடைபாதை விஷயம்... அமைச்சருக்குக் கொஞ்சம் சங்கடம். குழுவுக்குப் போனா ஒங்களுக்கும் மரியாத, அவருக்கும் மரியாத. அடுத்த தடவையும் மலைல நீங்கதான நிக்கணும்?” என்றார். மிரட்டலா அது, இல்லவே இல்லை, அக்கறை. “பாப்போம்ணே” என்றாள் இவள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, பாப்போம்ணே. அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டாள், அதுதான் இப்போது நெருடுகிறது. இரண்டு வாரமாகப் பயத்தில் சரியாகச் சாப்பிடாதவள் அன்று தோசை மேல் தோசையாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஏன்? போகட்டும். பசிக்கெல்லாமா காரணம் தேடுவது.

போன் அதிர்ந்தது. உதவியாளன் ஞானவேல். நேற்றே அனுப்பிய வீடியோவை மேடம் இன்னும் பார்க்கவில்லையே என்று ஞாபகப்படுத்தியிருந்தான், அவை நேரலையில் இருந்து வெட்டியது, நாற்பது விநாடி, ‘மலைப்பாதைச் சட்டம், பேரவை ஒரே குரலில் ஆம்’ என்று அதன் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான், கட்டி வைத்து உதைக்க வேண்டும் அவனை. அதைப் பார்த்துத்தான் தோகைப்பாறை ஏறி வந்து நிற்கிறது. விரல் படத்தின் மேல் போனது, திரும்பி வந்தது. நாற்பது விநாடிதான், பார்த்தால் என்ன, பேரவையே கத்தும்போது தன் குரல் எங்கே தெரியப்போகிறது... தெரியாது. ஆனால் அவள் குரல் லேசான குரலும் இல்லை. அடிவாரத்தில் அப்பாவின் பஞ்சாமிர்தக் கடை வாசலில் பத்து வயசில் நின்று, வாங்க சாமி வாங்க என்று கூவிக் கூவித் திறந்த தொண்டை அது, கரகரவென்று, மைக் இல்லாமலே நாலு தெரு கேட்கும். பிரச்சாரத்தில் அதுதான் அவளை ஜெயிக்க வைத்தது என்று எல்லாரும் சொல்வார்கள். போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். திருமலைச்சாமிக்குக் கேட்டுவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

வளைவு திரும்பினால் செண்பகனூர். சொல்லிவிட வேண்டும். இறங்கியதும் முதல் வார்த்தை அதுதான். இன்னும் நிறைவேறல, குழுவுக்குப் போயிருக்கு, நான்தான் எழுந்து தடுத்திருக்கணும், தடுக்கல. மூன்று வாக்கியம். மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள், இரண்டாவது தடவையில் மூன்றாவது வாக்கியம் காணாமல் போயிருந்தது. வேட்டு வெடித்தது. கதவைத் திறக்குமுன்பே மாலை விழுந்தது, மலைவாழைத் தார் ஒன்றைத் திருமலைச்சாமி கையில் திணித்தார்கள், “வாழ்க” என்று இருளப்பன் கத்தினார், டவுன் பஸ் ஒன்று நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீரம்மாள் வந்தாள், வெறுங்காலில் சேறு, இடுப்பில் நாலு வயசுப் பேத்தி, மேனகாவின் அதே நெற்றி. ஒரு கையால் தேவசேனாவின் கன்னத்தை வழித்தாள். அந்தக் கை குளிர்ந்து கிடந்தது. “இல்லம்மா, ஒரு விஷயம்...” என்று தேவசேனா ஆரம்பித்தாள்.

“இரு தாயி, நாஞ் சொல்லிர்றேன்” என்றாள் வீரம்மாள். “போனுல போட்டுக் காட்டுனாங்க, நா அஞ்சு வாட்டி கேட்டேன். அந்தப் பெரியவரு கேட்டு வாய மூடல, ஒங் கொரலுதான் மொதல்ல வந்துச்சு. தன்னந்தனியா. அதுக்குப் பொறவுதான் மத்தவங்க கொரலெல்லாம் வந்துச்சு. நம்ம பிள்ளதான் மொதல்ல சொல்லுச்சுன்னு ஊரு முச்சூடும் சொன்னேன்.” கூட்டம் சிரித்தது, கைதட்டியது. தேவசேனாவும் சிரித்தாள், முகம் தானாகச் சிரித்தது. முதலில் வந்ததா. தன்னந்தனியாகவா. அப்படியானால் யாரோடு சேர்ந்து சொன்னாள், சுற்றி யாரும் வாயே திறக்காதபோது எந்தக் கூட்டம் அவளை இழுத்தது... பக்கத்துக் கடைக்காரன் வாயைத் திறப்பதற்கு முன்னால் கூப்பிட்டுவிடு என்று அப்பா பழக்கியிருந்தாரே, அந்தப் பழக்கமாக இருக்குமோ, இருக்கலாம், அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தோசை. சாப்பாடு ஏன் அன்று அப்படி இறங்கியது என்று இப்போது, சாலை நடுவில், மாலையும் கழுத்துமாக நிற்கையில் அவளுக்குத் தெரிந்தது, குழு என்றதுமே பயம் விட்டுப்போயிருந்தது, மனசு லாபியிலேயே ‘ஆம்’ சொல்லிவிட்டிருந்தது. வீரம்மாள் பேத்தியை இடுப்பு மாற்றிக்கொண்டாள். “ஐப்பசிக்குள்ள பாலம் வந்துருமில்ல தாயி?” என்றாள். அறுபது பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்தார்கள். அடிவயிற்றிலிருந்து அந்த வார்த்தை கிளம்பியது, அதே வார்த்தை, பழக்கப்பட்ட வழியில், வெரசாக. இந்தத் தடவை அது வருவது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.