நான் விளக்கிய படம்

அந்தப் படத்தை நான் நன்றாகவே புரிந்துகொண்டேன். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. புரியாததெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததுதான்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் திரைப்பட வட்டம் மாதம் ஒரு ஞாயிறு படம் போடும். முடிந்ததும் யாராவது எழுந்து பேச வேண்டும். போன மாதம் என் முறை. படத்தில் ஒரே நகரம், எட்டுப் பேரின் கதைகள். ஆளைப் பார்த்ததுமே இவன் இப்படித்தான் என்று முடிவுகட்டுகிறவர்கள். ஒரு கதையில் அவமானப்படுகிறவன், அடுத்த கதையில் தன்னையறியாமல் இன்னொருவனை அவமானப்படுத்துகிறான். இதைச் சொல்லும்போது என் கதையும் நினைவுக்கு வந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு தேடி அலைந்தவன் நான். சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு என்று கேட்பார்கள். பிறகு "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று அனுப்பிவிடுவார்கள். அந்த வீம்பில்தான் எடமலைப்பட்டி புதூரில் சொந்த வீடு கட்டினேன். அதையும் சொன்னேன். பலமாகக் கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் வளவன் என்பவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். திருச்சியில் ஒரு பள்ளியில் ஆசிரியர். குடும்பம் உப்பிலியபுரத்தில். தினமும் போக வர பஸ்ஸிலேயே நாலு மணி நேரம்.

"பொண்ண இங்க ஒண்ணாங் கிளாஸ்ல சேத்தாச்சு சார். அடுத்த வாரம் ஸ்கூல் திறக்குது. இன்னும் வீடு அமையல."

"என் மாடி காலியாத்தானே இருக்கு! இப்பவே வாங்க" என்றேன். அந்த நிமிஷம் என்னைவிட நல்லவன் திருச்சி ஜில்லாவிலேயே கிடையாது.

வழியிலேயே வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் என் மனைவி செல்லக்கிளி மாடியைப் பெருக்கிவிட்டுச் சாவியோடு நின்றாள். வளவன் சுற்றிப் பார்த்தார். சமையலறை ஜன்னலைத் திறந்து மூடினார். "பாப்பா இங்க உக்காந்து படிக்கும்" என்று ஒரு மூலையைக் காட்டிச் சிரித்தார்.

சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். "உப்பிலியபுரத்துல எந்தப் பக்கம்?"

"காலனிங்க சார்."

"அப்படிங்களா" என்றேன். பிறகு என் வாய் தானாகச் சொன்னது: "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேனே."

வீட்டில் நான் கேட்க வேண்டியவள் பக்கத்திலேயே சாவியோடு நின்றுகொண்டிருந்தாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் அப்படி நினைக்கவே இல்லை. நினைக்காததை வாய் எப்படிச் சொன்னது? பக்கத்து வீட்டுக்காரர்களை நினைத்துச் சொன்னேனோ? அவர்களை நான் எதற்கு நினைக்க வேண்டும்? ஒன்றும் விளங்கவில்லை.

"என்னைய என்ன கேக்கறது? நான்தான் போன்லயே சரின்னுட்டேனே" என்றாள் செல்லக்கிளி. "இந்தாங்க தம்பி, சாவி."

வளவன் கையை நீட்டவில்லை. "சார் சொல்லட்டுங்கம்மா."

அரை மணி நேரம் மூச்சுவிடாமல் பேசியவனுக்கு ஒரு 'சரி' வரவில்லை. வெட்கமா, பயமா, என்ன எழவோ தெரியவில்லை. அவர் காத்திருந்தார். நான் சொல்லிவிடுவேன் என்று நம்பித்தான் காத்திருந்தார். பிறகு இறங்கிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வரேன் சார். படத்தப் பத்தி ரொம்ப நல்லாப் பேசுனீங்க."

அந்தக் குரலில் குத்தலே இல்லை. இருந்திருந்தால் கோபமாவது பட்டிருப்பேன்.