ஆறு மணி பஸ் வரைக்கும்

கவர்னர் மாளிகையின் தூண்களைப் பற்றி ஆசையாகப் பேசிவிட்டுத் திரும்பியபோது, என் பின்னால் பாதிப் பேர் இல்லை. எனக்கு இது புதிதல்ல. ஐம்பத்தேழாம் வருஷம் அது. சென்னை ராஜ்யம் முழுக்க மதுவிலக்கு. எங்கள் புதுச்சேரியிலோ தெருவுக்குத் தெரு கடை. விழுப்புரத்திலிருந்து கண்ணியமான மனிதர்கள் சரித்திரம் பார்க்க வருவார்கள். ஒருவர் முன்னால் ஒருவருக்கு வெட்கம். அதனால் என்னை அமர்த்திக்கொள்வார்கள். முதல் கட்டடத்தில் பயபக்தியோடு நிற்பார்கள். இரண்டாவதில் ஒருவருக்கு வயிறு சரியில்லாமல் போகும். மூன்றாவதில் இன்னொருவருக்குத் தெரிந்தவர் யாராவது எதிர்ப்படுவார். பிரெஞ்சுக்காரர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து, அவர்கள் கப்பலேறியதும் வழிகாட்டியாகிவிட்ட எனக்கு, ஒரு கூட்டத்தையாவது மியூசியம் வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமென்று தீராத ஆசை.

அன்று ஆயி மண்டபத்தில் மிஞ்சியது ஒரு தம்பதி மட்டும். கடலூர்ப் பக்கத்துக் குடியானவர் கோவிந்தராசு, அவர் மனைவி குஞ்சம்மாள். அவர் எதையும் பார்க்காமல் எச்சிலை விழுங்கிக்கொண்டு நின்றார். அந்த அம்மாளோ கேள்வி மேல் கேள்வி கேட்டார். கல் எங்கேயிருந்து வந்தது, யார் தூக்கி வைத்தது, மழைக்கு ஒழுகுமா. நான் பூரித்துப்போனேன். கலங்கரை விளக்கத்தில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். மியூசியத்தில் உடைந்த பீங்கான் தட்டுக்குக்கூட அந்த அம்மாள் வரலாறு கேட்டார்.

கோவிந்தராசு பழைய பல்லக்கு ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, குஞ்சம்மாள் என் பக்கத்தில் வந்தார்.

"ஐயா, இன்னும் எவ்ளோ இருக்கு?"

"இதோட ஆச்சும்மா."

"ஐயையோ. எங்க ஊருக்கு ஆறு மணிக்குத்தான் பஸ்ஸு. அதுவரைக்கும் எதையாச்சும் காமிங்க. நாளைக்கு எங்க பொண்ணுக்குப் பரிசம். இங்க இருக்குற இவரு அக்காவுக்குச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம். தொட்டார்னா மூணு நாளைக்கு எழுந்திருக்க மாட்டாரு. போன தடவ மீன் வண்டியில போட்டு அனுப்புனாங்க."

எனக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து நான் வழிகாட்டி இல்லை, காவல்காரன். ரோஷம் வந்தது, அந்த முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. "வாங்கம்மா," என்றேன்.

அதற்குப் பிறகு நான் சொன்ன சரித்திரம் எந்த வாத்தியார் காதிலும் விழாமல் இருக்கட்டும். ஒரு தெருவிளக்குக் கம்பத்துக்காக இரண்டு ராஜாக்களைச் சண்டை போட வைத்தேன். சுங்க ஆபீஸ் சுவருக்குள் ஓர் இளவரசியைக் குடிவைத்தேன். கோவிந்தராசு தலையாட்டிக்கொண்டே வந்தார்.

கடற்கரைக்கு வந்தபோது என்னிடம் பொய்யும் தீர்ந்துவிட்டது, குஞ்சம்மாளிடம் கேள்வியும் தீர்ந்துவிட்டது. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. சந்துக்குள்ளிருந்த கடையின் வாடை காற்றோடு வந்தது. கோவிந்தராசுவின் கால் மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது. குஞ்சம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றைக்கு முதல் தடவையாகக் கோவிந்தராசு என்னிடம் வாய் திறந்தார்.

"ஐயா, சும்மா நிக்க வெக்காதீங்க. எதையாச்சும் சொல்லிக்கினே இருங்க."

சுற்றுமுற்றும் பார்த்தேன். கடலுக்குள், புயலில் உடைந்துபோன பழைய பாலத்தின் இரும்புக் கம்பங்கள் மட்டும் நின்றிருந்தன.

"அந்தக் கடைசிக் கம்பம் தெரியுதா?" என்றேன்.

"தெரியுதுங்க."

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு, கடையைப் பின்னால் விட்டுக் கடலைப் பார்த்து நின்றார். தூரத்தில் ஓர் அலை அந்தக் கம்பத்தில் மோதி உடைந்தது. அடுத்தது வந்துகொண்டிருந்தது.