மூன்றாவது கையுறை

தோக்காவிக் மீன் ஆலையின் கடல்நீர் வடிகட்டியைத் திறந்தால், பாசிக்கும் ஜெல்லி மீனுக்கும் நடுவில் சில நாள் ஒரு கம்பளிக் கையுறை கிடக்கும், சொட்டு ஈரமில்லாமல். அதன் சொந்தக்காரருடைய இரண்டு கையுறைகளும் அவர் வீட்டு ஆணியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். இது மூன்றாவது. மூன்றாவது கையுறை வந்த ஆள் கடலுக்குப் போவதில்லை. பிறகு ஒரு நாள் அது தானாக நனைந்து உப்புநீர் சொட்டும். ஆபத்து கடந்துவிட்டது, இனிப் படகேறலாம் என்று அர்த்தம். ஃபாரோ தீவுகளில் மற்ற ஊர்க்காரர்கள் வானிலை அறிக்கையை நம்பினார்கள். நாங்கள் அதையும் கேட்டோம், இதையும் பார்த்தோம். யாருடைய கையுறை என்பதில் குழப்பமே வந்ததில்லை, ஒவ்வொரு வீட்டுப் பின்னலுக்கும் தனிப் பூ உண்டு. கட்டிக்கொண்டு வந்த பெண்கள் தங்களுக்கு மட்டும் பிறந்த வீட்டுப் பூவைப் பின்னிக்கொள்வார்கள். ஒரே ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் படகேறினார். அவர் பெயர் தேவாலயச் சுவரில், கடல் கொண்டவர்கள் வரிசையில் இருக்கிறது.

வடிகட்டியைப் பார்த்துக்கொண்டவள் ரன்வா. வடிகட்டி என்பது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இரும்புப் பானைகள். ஒன்று அடைத்துக்கொண்டால் கைப்பிடியைத் திருப்பித் தண்ணீரை மற்றதற்கு மாற்றி, மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் கூடையைத் தூக்கிக் கழுவ வேண்டும். ஜெல்லி மீன் வரும் மாதங்களில் காப்பி குடிக்கக்கூட நேரமிருக்காது. அவள் வலது தோள் எப்போதோ போய்விட்டது. அதனால்தான் மேலாளர் ஹெய்னி தானியங்கி வடிகட்டியைப் பற்றிப் பேசியபோது எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். நியாயமாகவே பேசினார். பழசு மலிவு, ரிப்பேர் ஆனால் ஒரு ஸ்பேனர் போதும், ஆனால் ஆளைத் தின்கிறது. புதுசு விலை அதிகம், கரண்ட் வேண்டும். ஆனால் அடைப்பைத் தானே உணர்ந்து, உள்ளே பிரஷ்ஷைச் சுழற்றி, அழுக்கைக் குழாய் வழியாகக் கடலுக்கே துப்பிவிடும், யாரும் திறந்து பார்க்கவே வேண்டியதில்லை, தண்ணீரும் ஒரு நொடி நிற்காது. கையுறையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அது எப்போதும் ரன்வா கையால் வருவது, இனியும் வரும் என்ற நினைப்பு. முதலில் கை தூக்கியவளே ரன்வாதான். பழைய பானைகள் இரும்புக் கடைக்குப் போயின.

அந்தக் குளிர்காலம் ஒரு கையுறையும் வரவில்லை. கடலுக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று ஊரே மகிழ்ந்தது. பிப்ரவரியில் தோர்மோட் என்பவரைப் படகின் மேல்தளத்திலிருந்து அலை அடித்துக்கொண்டு போனது. அவரைத் தேடிப் போனவர்கள் ஆலைக் கழிவுக் குழாயின் கீழே பாறையில் கம்பளித் துணுக்குகளைப் பார்த்தார்கள். ஆலங்கட்டி கலந்து மழை கொட்டிக்கொண்டிருந்தது, துணுக்குகள் மட்டும் காய்ந்திருந்தன. தோர்மோட் வீட்டுப் பூ. இயந்திரம் ஒரு தவறும் செய்யவில்லை. பிடித்தது, பிரஷ்ஷால் கிழித்தது, துப்பியது. படகுகள் துறையிலேயே கிடந்தன, ஆண்கள் வீட்டு ஆணியில் கையுறைகளைத் திரும்பத் திரும்ப எண்ணினார்கள். ஹெய்னி இயந்திரக் கம்பெனிக்குக் கேட்டு எழுதினார். கம்பளிப் பொருட்கள் உத்தரவாதத்தில் சேராது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

ரன்வாவின் புருஷன் ஹானுஸ் தூண்டில் படகில் இருந்தான். மீன் இல்லாமல் எத்தனை நாள் வயிற்றைக் கட்டுவது? ஒரு காலையில் அவள் ஹெரிங் மீன் வலையைத் துண்டாக வெட்டி எடுத்துக்கொண்டு, குழாய் வாய்க்கு நேராக, அலை உடையும் பாறையில் போய் நின்றாள். வலையில் விழுந்த துணுக்குகளை மீன் மேஜையில் பரப்பி, பூவோடு பூ சேர்த்துப் பார்த்தார்கள். அவள் தலையசைத்த பிறகே படகுகள் கிளம்பின. அந்த வசந்தத்தில் நான்கு பேர் கரையில் தங்கினார்கள், நான்கு பேரும் இன்றுவரை உயிரோடு இருக்கிறார்கள்.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள், ஊரில் வேறு யாரும் அணியாத பூ ஒன்று வலையில் விழுந்தது. அவள் அதை யாருக்கும் காட்டாமல் மடியில் போட்டுக்கொண்டு வந்து, சமையலறையில் உட்கார்ந்து, துணுக்குகளைத் தைத்து முழுக் கையுறை ஆக்கினாள். ஹானுஸ் உள்ளே வந்தான்.

"யாரோடது?"

"பூவைப் பாரு."

பார்த்தான். "நீ எந்தப் படகுலயும் ஏறுறது இல்லையே, ரன்வா."

"பாறையில நிக்கிறேன்ல."

"அப்ப நிக்காத. இது ஈரமாகுற வரைக்கும் வீட்ல இரு."

"நான் வீட்ல உக்காந்துட்டா உன்னோடதை யாரு பிடிப்பா?"

ஒரு நாள் அவளுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு மார்யுன் போய் நின்றாள். நண்பகலுக்குள் மார்யுனுடைய பூ வந்துவிட்டது. அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் அது நனைந்தது. யார் நின்றாலும் வரும் என்பது அப்போது தெரிந்தது. எனக்குத்தான் ஏற்கெனவே வந்தாச்சே, இன்னொருத்திக்கு எதுக்கு என்று சொல்லிவிட்டு ரன்வா வலையை வாங்கிக்கொண்டாள். பயமாக இல்லையா என்று கேட்டதற்கு, இருக்கு, தினமும் இருக்கு என்றாள்.

அன்றிலிருந்து அவள் இடுப்பில் படகுக் கயிறு. கரைக்குத் திரும்பிய படகுக்காரர்கள் முறைபோட்டு மறுமுனையைத் தங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னால் உட்காருகிறார்கள். ஹானுஸ் கரையில் இருந்தால் வேறு யாரையும் தொட விடுவதில்லை. அவளுக்கும் கயிற்றுக்காரருக்கும், ஆக இரண்டு பேருக்கு ஆலை சம்பளம் தருகிறது. முன்பு கூடை கழுவ ஓர் ஆள் போதும். வெளியூர் ஆலைக்காரர்கள் வந்து, ஆளே இல்லாமல் ஓடும் வடிகட்டியைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள்.

தைத்த கையுறை அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. இப்போது எட்டாவது குளிர்காலம். காலையில் கிளம்பும்முன் ரன்வா அதை ஒரு தடவை கையில் பிடித்து அழுத்திப் பார்க்கிறாள். காய்ந்துதான் இருக்கிறது. வலையை எடுத்துக்கொண்டு போகிறாள்.