ஒரு குதிரைக்கான புல்

பூட்ட மறந்தது வில்மாவின் தவறுதான். குதிரைச் சந்தைக்குப் போகிற யாரும் அந்தக் காலத்தில் டிரெய்லரைத் திறந்து போட்டுவிட்டுப் போகமாட்டார்கள். நாட்டின் கடைசிக் குதிரை இறைச்சி ஆலையும் மூடப்பட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. ஏலத்தில் யாரும் கேட்காத குதிரையைத் திரும்ப ஓட்டிப்போக மனமில்லாதவர்கள், பூட்டில்லாத டிரெய்லரைத் தேடி அதை உள்ளே தள்ளிவிட்டு நழுவிவிடுவார்கள். வில்மாவின் வண்டிக்குப் பூட்டுப் போடுவது அவள் கணவன் ஹார்லனின் வேலை. அவன் மார்ச் மாதம் இறந்துபோனான்.

கால்நடை மருத்துவரான அவள், அன்று காலை முழுவதும் சந்தையில் குதிரைகளின் கழுத்தில் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்குக் குழாய்களில் அடைத்துக்கொடுத்தாள். கொண்டுபோயிருந்த இரண்டு கன்றுகளையும் விற்றாள். வீட்டுக்கு வந்து டிரெய்லர் கதவைத் திறந்தால், உள்ளே ஒரு சாம்பல் நிறப் பெண்குதிரை நின்றுகொண்டிருந்தது. தலைக்கயிறுகூட இல்லை. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். வாயைப் பிளந்து பல் பார்த்தாள். எட்டு வயதுக்கு மேல் இராது. குளம்புகள் திடமாக இருந்தன.

பக்கத்துப் பண்ணைக்காரர் டெல்பர்ட் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்.

"என்ன வில்மா, கன்னுக்குட்டிய வித்துட்டுக் குதிரை வாங்கியாச்சா?"

"வாங்கல. எவனோ போட்டுட்டுப் போயிட்டான்."

"அதுக்குத்தான் சொல்றது, சந்தைக்குப் போனா வண்டியையும் பூட்டணும், வாயையும் பூட்டணும்னு." சிரித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி, புல்லுக்கு என்ன பண்ணுவ?"

அதுதான் கேள்வி. ஓக்லஹோமாவில் அந்த வருடம் மழையே இல்லை. குளம் வெடித்துக் கிடந்தது. வெளி மாநிலத்திலிருந்து வந்த புல்லும் தீர்ந்துவிட்டது. அவள் கொட்டகையில் இருந்த கட்டுகள் ஏப்ரல் வரை ஒரு குதிரைக்குக் காணும். அந்த ஒரு குதிரை ஏற்கெனவே இருந்தது. ஹார்லனின் கிழக்குதிரை, பிஸ்கட். கைவிடப்பட்ட குதிரைகளை வைத்துக்கொள்ளும் காப்பகங்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டுப் பார்த்தாள். எங்கேயும் இடமில்லை.

"திங்கக்கிழமை மெக்சிகோ ஆலைக்குக் குதிரை ஏத்துற லாரிக்காரன் வர்றான். ஏத்தி விட்டுடேன்," என்றார் டெல்பர்ட்.

"ரெண்டு நாள் நின்னுகிட்டே போகணும். அங்க என்ன பண்றாங்கன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"ஆலை வேணும்னு மேடையேறிப் பேசினவ நீதானம்மா?"

"மூணு மணி நேரத்துல போய்ச் சேர்ற ஆலைக்குப் பேசினேன், டெல்பர்ட். டாக்டர் ஒருத்தர் பக்கத்துலயே நின்னு பாத்துகிட்டிருந்த ஆலைக்கு."

குதிரைகளை இறைச்சிக்கு வெட்டுவதைத் தடை செய்யலாமா என்ற விவாதம் சூடாக நடந்த நாட்களில், மாவட்டக் கால்நடை மருத்துவர்கள் நடத்திய பொதுக்கூட்டத்தில் அவள் தடைக்கு எதிராகப் பேசினாள். சாவு கொடுமையில்லை, பட்டினியும் வலியும்தான் கொடுமை. ஆலையை மூடினால் குதிரைகள் இன்னும் மோசமாகச் சாகும் என்றாள். தடை வேண்டும் என்று வீட்டு வாசலிலேயே பலகை நட்டிருந்த ஹார்லன் பின்வரிசையிலிருந்து எழுந்தான்.

"டாக்டர் அம்மாவுக்கு ஒரு கேள்வி. நம்ம பிஸ்கட்ட அனுப்புவீங்களா?"

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"அதுக்கு வலிதான் மிச்சம்னு ஆனா, அனுப்புவேன்."

அதற்கப்புறம் மூன்று வாரம் அவன் அவளோடு சாப்பாட்டு மேசையில் உட்காரவில்லை. தடை வந்தது. அவள் சொன்னபடியே எல்லாம் நடந்தது. ஆனால் "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று சொல்லிக்காட்ட இப்போது அவன் இல்லை.

ஒன்பது நாள் இரண்டுக்கும் புல் போட்டாள். கட்டுகள் கண்ணெதிரே குறைந்தன. பத்தாம் நாள் காலை, பிஸ்கட்டை வேறொருவர் குதிரையாக நினைத்துக்கொண்டு பரிசோதித்தாள். வயது இருபத்தொன்பது. கடைவாய்ப் பல் இல்லை. மென்ற புல்லை உருண்டையாகத் துப்பிவிடுகிறது. முன்கால் குளம்புகள் இரண்டும் உள்வீக்கத்தில் சூடாக இருந்தன. பாதி நாள் படுத்தே கிடந்தது, எழும்போது முனகியது. வேறொருவர் கொண்டுவந்திருந்தால் மார்ச்சிலேயே, "போதும், ஊசி போட்டு முடிச்சுடலாம்," என்று சொல்லியிருப்பாள்.

புல் இல்லாததால் வந்த முடிவு அல்ல அது. ஏழு மாதமாக அவளுடைய துக்கத்துக்காக ஒரு பிராணி வலியைச் சுமந்துகொண்டிருந்தது. அது புரிந்ததும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

சாவதற்குப் போடும் மருந்து ஏறிய உடலை நரியோ கழுகோ தின்றால் அவையும் சாகும். அதனால் குழி முதலில் வேண்டும். மதியம் டெல்பர்ட் பொக்லைனைக் கொண்டுவந்து மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் தோண்டினார். வில்மா பிஸ்கட்டை நடத்திக்கொண்டு வந்தாள். நூறடி தூரத்துக்குக் கால்மணி நேரம் ஆனது. நடுவில் நான்கு தடவை நின்றது. அவள் அவசரப்படுத்தவில்லை.

குதிரைக்காரர்களிடம் அவள் எப்போதும், "நீங்க உள்ள போயிடுங்க, விழறத பாக்க வேண்டாம்," என்பாள். இன்று அவளிடம் அப்படிச் சொல்ல யாரும் இல்லை. ஊசிக்கு இரண்டு கையும் வேண்டும். கயிற்றை டெல்பர்ட்டிடம் நீட்டினாள். அவர் தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

"பக்கவாட்டுல நில்லு. முன்னால சாய்ஞ்சாலும் சாயும்."

"தெரியும்மா."

கழுத்து நரம்பைக் கட்டைவிரலால் அழுத்தினாள். ஆயிரம் தடவை செய்த காரியம். முதல் குத்து தவறியது. இரண்டாவதில் இறங்கியது. பிஸ்கட் ஒரு நீண்ட மூச்சு விட்டு, முழங்கால் மடிந்து, குழியின் பக்கமாகவே சாய்ந்தது. அவள் மண்டியிட்டு ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இதயம் நிற்கும்வரை கேட்டாள். நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஹார்லன் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார் டெல்பர்ட்.

"கொலைகாரின்னு திட்டியிருப்பான்," என்றாள் வில்மா. "திட்டிட்டு, கயித்த அவனே பிடிச்சிருப்பான்."

மண் மூடப்பட்டது. டெல்பர்ட் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். கொட்டகையில் சாம்பல் குதிரை தலையைத் தூக்காமல் தின்றுகொண்டிருந்தது. வில்மா இன்னொரு கட்டின் கயிற்றை அறுத்து அதன் முன்னால் உதறிப்போட்டாள். அது காதை மட்டும் திருப்பியது. அவள் போகாமல் அங்கேயே நின்று, அது மெல்லும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.