களிக்குள் கத்தரிக்காய்

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் எக்ஸ்ரே எடுக்கிற பக்ருதீன் என்றால் ஜனங்களுக்குப் பயம் கலந்த மரியாதை உண்டு. அதற்குக் காரணம் என் திறமை இல்லை, என் வாய். நெஞ்சுப் படம் எடுக்க வருகிறவர்கள் நடுங்கிக்கொண்டு நிற்பார்கள். நடுங்கினால் படம் கலங்கிவிடும். அதனால் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன். "நேத்து மச்சினன் வூட்டுல கோழி தின்னீங்களா? கால் எலும்பு தெரியுது பாருங்க!" அவர் உண்மையிலேயே தின்றிருப்பார். ஊருக்குப் போய், அந்த பாய்க்கு எல்லாமே தெரியுது என்று சொல்லிவிடுவார். நான் மறுத்ததில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு முறை கோட்டைவிட்டவனை எல்லாம் தெரிந்தவன் என்று ஊர் சொல்லும்போது மறுக்க யாருக்கு மனசு வரும்?

எழுபத்து மூன்றாம் வருஷம் கார்த்திகை மாதம் காவேரி வந்தாள். முப்பது வயதிருக்கும், ஒல்லியான பெண். நல்லம்பள்ளிப் பக்கம் கேழ்வரகு விளைகிற காடு வைத்திருக்கிற மாதேஸ்வரனின் மனைவி. நெஞ்சு வலி என்று எங்கள் டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் படம் எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். எடுத்தேன். ஈரம் சொட்டச் சொட்டத் தூக்கிப் பார்த்த டாக்டர், "நுரையீரல் சுத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

மாதேஸ்வரன் வாசல் பெஞ்சில் பீடி புகைத்துக்கொண்டிருந்தார். காவேரி மட்டும் நகரவில்லை. நர்ஸ் தெரசாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

"பாய், எனக்கு உள்ளார பை வெச்சிருக்குதுங்க."

"என்ன பை?"

"மெட்ராசுல நாடகக் கம்பெனியில இருந்தேனுங்க. அப்பறம் சினிமாவுல கூட்டத்தோட ஆடப் போனேன். நெஞ்சு இல்லாத பொண்ணுக்கு முன்வரிசை கெடையாதுன்னுட்டாங்க. சீமைக்குப் போயிட்டு வந்த டாக்டர் ஒருத்தர்கிட்ட மேனேஜர் கூட்டிப் போனாரு. ரப்பராட்டம் ஒரு பை, உள்ள கூழாட்டம் என்னமோ. ரெண்டு பக்கமும் வெச்சுத் தெச்சாரு. ஆயுசுக்கும் ஒண்ணும் ஆவாதுன்னாரு."

"முன்வரிசை கெடைச்சுதா?"

"மூணாவது வரிசை."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். உடனே அவள் கண் நிறைந்துவிட்டது.

"இப்ப எடது பக்கம் என்னமோ கெட்டியா தட்டுப்படுது. பைதான் மடங்கிக் கெடக்குதா, இல்ல வேற ஏதாச்சுமான்னு தெரியல. எங்க பெரியாத்தா நெஞ்சுல கட்டி வந்துதான் செத்தாங்க. நீங்க பாத்துச் சொல்லிடுங்க பாய். உங்களுக்குத்தான் எல்லாந் தெரியுமே."

"மாதேஸ்வரனுக்குத் தெரியுமா?"

"பை இருக்கறதே தெரியாதுங்க. தெரிஞ்சா எம்மூஞ்சியில முழிப்பாரா?"

தெரசா திரைக்குப் பின்னால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினாள். "இவங்களுக்குச் சதையே இறுக்கமா இருக்கு. எங்க தொட்டாலும் முடிச்சு முடிச்சாத்தான் இருக்கு. எது பை, எது சதைன்னே வெளங்கல."

என்னுடையது நெஞ்சுக்கூட்டுக்கும் ஒடிந்த கைகால்களுக்கும் வாங்கிய யந்திரம். இருந்தாலும் சக்தியைக் குறைத்து வைத்து, பக்கவாட்டில் நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்தேன். இருட்டறையில் கழுவித் தூக்கிப் பார்த்தேன். வெள்ளை.

வயதானவர்களுக்கு மார்பில் கொழுப்புத்தான் அதிகம். படத்தில் அது கறுப்பாகத் தெரியும். அதில் கட்டி இருந்தால் இரவு வானத்து நிலா மாதிரி தனியாகத் தெரிந்துவிடும். சின்ன வயதின் இறுக்கமான சதை அப்படியில்லை, படம் முழுக்க வெள்ளையாக விழும். கட்டியும் வெள்ளை. நடுவில் அந்தப் பை சுண்ணாம்பு அடித்த சுவராட்டம் அதைவிட வெள்ளை. அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன, பக்கத்தில் என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. பை வைத்த டாக்டர் இதைச் சொன்னாரா என்று கேட்டேன். சொல்லவில்லையாம், தழும்பு தெரியாது என்றுதான் சொன்னாராம்.

"எனக்குத் தெரியலைம்மா" என்றேன்.

"எத்தன மாசம் பாய்?"

"என்ன எத்தன மாசம்?"

"எல்லாந் தெரியற ஆளு தெரியலைன்னு சொன்னா வேற என்னங்க அர்த்தம்? மறைக்காதீங்க."

"அல்லா மேல சத்தியமா தெரியலைம்மா."

"இப்ப சத்தியம் வேற பண்றீங்க. அப்ப கட்டிதான்." சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

பதினைந்து வருஷமாக வாய்க்கு வந்ததை அளந்திருக்கிறேன். அத்தனையையும் நம்பினார்கள். ஒரே ஒரு நிஜம் சொன்னேன், செல்லவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் என் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தேன். கேழ்வரகுக் களி, கத்தரிக்காய்க் குழம்பு.

"நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். ஒரு கத்தரிக்காத் துண்ட இந்தக் களி உருண்டைக்குள்ள எங்கியாச்சும் பொதைச்சு வைம்மா."

"சாப்பாட்டுல என்னங்க வெளையாட்டு!" என்றாள் தெரசா.

காவேரி ஒன்றும் புரியாமல் புதைத்தாள். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிற ரப்பர் பையில் தண்ணீர் பிடித்து, இதுதான் உன் பை என்று காட்டி, அதன்மேல் தட்டோடு களியை வைத்தேன். தர்மபுரி ஜில்லாவிலேயே நெஞ்சுப் படம் எடுத்துக்கொண்ட முதல் களி அதுதான். கழுவி வெளிச்சத்தில் மாட்டினேன். மூவரும் பார்த்தோம். பூசணிக்காய் மாதிரி ஒரே வெள்ளை உருண்டையாகத் தெரிந்தது.

"இங்க?" என்று மேற்புறம் விரல் வைத்தேன்.

"இல்லீங்க."

"நடுவுல?"

"இல்ல."

"எடது பக்கம்?"

அவள் களியை இரண்டு கையாலும் பிட்டாள். வலது பக்கம் அடியில் கத்தரிக்காய் இருந்தது. அதை விரலால் தொட்டாள்.

"பிட்டாத்தான் தெரியுது."

"ஆமாம்மா."

"அப்ப நெசமாவே உங்களுக்குத் தெரியல."

"நெசமாவே தெரியல."

நம்பிவிட்டாள். நம்ப வைக்கத்தான் அத்தனை பாடுபட்டேன். நம்பியதும், ஏன் நம்ப வைத்தோம் என்றிருந்தது. அதுவரை அவளுக்கு ஒரு பதிலாவது கையில் இருந்தது.

"வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போம்மா. மொரப்பூர்ல ரயிலேறுனா காட்பாடியில எறங்கிக்கலாம், பக்கத்துலதான் வேலூரு. அங்க பையை எடுத்துட்டு, தட்டுப்படறதைத் துண்டு வெட்டிப் பாப்பாங்க."

"அவுரு கூட்டிட்டுப் போவணுமே. நீங்க சொல்லுங்க பாய். பையப் பத்திச் சொல்லாதீங்க. வேற எப்படியாச்சும் சொல்லுங்க."

காவேரியின் படத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். என்னால் முடிந்த மட்டும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன். அதுவே தப்பாகிவிட்டது. மாதேஸ்வரன் என்னைப் பார்த்ததும் சிரிக்கத் தயாரானார்.

"என்னா பாய், எம்பொண்டாட்டி நெஞ்சுல நான் தெரியறனா?"

"வெளையாட்டு இல்லீங்க. வேலூருக்குக் கூட்டிட்டுப் போங்க. உடனே."

"போன தையில எங்கண்ணன் நெஞ்சுல லாரி ஓடுதுன்னு சொன்ன ஆளுதானே நீங்க! அவரு பயந்து போயி ஒரு வாரம் படுத்துட்டாரு." படத்தை வாங்கி வெயிலில் பிடித்தார். "வெள்ள வெளேர்னு இருக்குது. கறையிருந்தா கறுப்பா தெரியாதுங்களா? டாக்டரே சுத்தம்னுட்டாரே."

"வெள்ளையா இருக்கறதுதாங்க வம்பு."

"நல்லா சொல்றீங்க போங்க!" பெஞ்சில் இருந்த இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். என் மூஞ்சியைப் பார்த்து எத்தனை பேர் சிரித்திருக்கிறார்கள்! அன்றைக்குத்தான் அந்த மூஞ்சியைக் கழற்றி எறியலாம் போலிருந்தது.

காவேரி பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். மாதேஸ்வரனைத் தூண் மறைவுக்குக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் பேசினாள். ஐந்தாறு வாக்கியம் இருக்கும். எனக்குக் கேட்கவில்லை. அவர் கையிலிருந்த பீடி அணைந்தது மட்டும் தெரிந்தது.

கத்துவார், அடிப்பார் என்று, வெளியே வந்துவிட்ட தெரசாவும் நானும் குறுக்கே பாயத் தயாராக நின்றோம். அவர் என்னைக் கை காட்டி, "இவருக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றாள். படத்தைத் துண்டில் நன்றாகச் சுற்றி, யார் கண்ணிலும் படாதபடி அக்குளில் வைத்துக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கேவுரு முத்திக் கெடக்குது. அறுப்பு முடியட்டும்."

கோபப்பட்டிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். குனிந்த தலையோடு எப்படிச் சண்டை போடுவது? "அறுப்புக்கு ஆள் வெச்சுக்கலாமேங்க" என்றேன். அதற்குள் அவளை அழைத்துக்கொண்டு அவர் சாலையைக் கடந்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் மொரப்பூர் பஸ்ஸும் நல்லம்பள்ளி பஸ்ஸும் அடுத்தடுத்து நின்றன. மாதேஸ்வரன் மொரப்பூர் பஸ்ஸின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். ஏறிவிடுவார் என்று நினைத்தேன். பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. பிறகு அடுத்த பஸ்ஸில் அவளை ஏற்றி, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார்.

சாலையைக் கடந்து ஓடினேன். காவேரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"அறுத்து, அடிச்சு முடிக்க இருவது நாளாவும் பாய். இருவது நாள் தாங்குங்களா?"

தாங்கும் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"தெரியலைம்மா."

தலையாட்டினாள். பஸ் நகர்ந்தது. கம்பியைப் பிடித்தபடி நாலு எட்டு கூடவே நடந்தேன். கண்டக்டர், "பாய், ஏறுறதுன்னா ஏறுங்க, இல்ல கைய எடுங்க" என்று கத்தினார். கையை எடுத்தேன்.